பிளேஆஃப் தாடியுடன் திருமலைக்கு

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்குக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினேன். சென்னையிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர், உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். பை கனமில்லை. முகம்தான் கனம். இரண்டு மாதமாக வளர்த்த தாடி, ஜூன் மாத வெயிலில் வியர்வை ஊறி அரித்துத் தள்ளியது. சொறிந்தபடியே நடந்து போய் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். அறுபது ரூபாய் டிக்கெட், முப்பத்தைந்து கிலோமீட்டர்.

பக்கத்தில் பாலசமுத்திரத்து விவசாயி ஒருவர், மடியில் மோட்டார் பம்பின் ஏதோ ஒரு பாகத்தைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மலைக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"இன்னா வேண்டுதல்?"

நான் தாடியைச் சொறிந்தேன். "சொல்லக் கூடாதுன்னா வுடு நைனா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிப் போனார். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஒருத்தன் தாடியும் தலைமுடியுமாக வந்தால் அது ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டது. வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. என் தலைவலி முழுக்க அங்கேதான் ஆரம்பித்தது.

நான் நகரிக்காரன். விசைத்தறி ஓடும் தெருவில் என் நைனா, அப்பாதான், சலூன் வைத்திருந்தார். சவரக்கத்தி தீட்டத் தெரிந்த கை என்பதால் சுற்றி வளைத்து, கனடாவில் ஒரு பெரிய ஏரிக்கு வடக்கே உள்ள சின்ன ஊரில், ஒரு தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிக்கு ஸ்கேட் தீட்டுகிறேன். ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: உறைந்த தரையில், காலில் கத்தி கட்டிக்கொண்டு, ‘பக்’ என்கிற ரப்பர் வட்டைக் கோலுக்குள் அடிப்பார்கள். அந்தக் கத்தி மழுங்கினால் ஆள் விழுவான். விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இந்த சீசன் எங்கள் அணி நாறிப் போய்த்தான் ஆரம்பித்தது. அக்டோபரிலிருந்து பொங்கல் வரைக்கும் அடி மேல் அடி. பிப்ரவரியில் கோலைக் காக்க ஒரு கோலி வந்தான், சின்னப் பையன், பக்கைக் கண்ணால் பார்க்கிறானா மூக்கால் மோந்து பிடிக்கிறானா என்று தெரியாது. கடைசி வாரத்தில் தட்டுத் தடுமாறிப் பிளேஆஃபுக்குள் நுழைந்தோம். அதில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டம், நாலில் ஜெயித்தவன் மேலே போவான். முதல் சுற்றில், கவிழ்ப்போம் என்று ஊரே நம்பாத அணியைக் கவிழ்த்தோம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இறுதிச் சுற்று வரைக்கும் போனோம்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிளேஆஃப் ஆரம்பித்தால் யாரும் சவரம் பண்ண மாட்டார்கள். கோப்பை வாங்கினாலோ தோற்று வெளியேறினாலோதான் தாடி இறங்கும். எங்கள் அணியின் அறையில் டிரைவர் முதற்கொண்டு வளர்த்தார்கள். நானும் வளர்த்தேன்.

ஏப்ரலில் என் அக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம் மாமா வீடியோவில் கூப்பிட்டார். திருமலையில் முடியிறக்கும் கூடத்தில், கல்யாணகட்டாவில், அவருக்கு வேலை. பின்னால் ஆட்கள் போவதைப் பார்த்துவிட்டு, "இன்னா சேகர், அத்தினி பேரும் தாடியோட கீறாங்க? வேண்டுதலா?" என்றார்.

"வேண்டுதல் மாதிரிதான் மாமா. கடைசி மேட்ச் வரிக்கும் எடுக்க மாட்டாங்க."

"எந்த சாமிக்கு?"

யாரோ ஸ்கேட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அவசரத்தில், "நம்ம சாமிக்கின்னே வச்சுக்கோயேன் மாமா" என்று போனை வைத்துவிட்டேன்.

மாமா வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அக்கா சந்தோஷமாகப் பேசினாள். வெள்ளைக்காரர்கள் இருபது பேர் திருமலையில் முடி கொடுக்க வருகிறார்கள் என்று மாமா தன் ஷிப்டு முழுக்கச் சொல்லிவிட்டாராம். அன்றைக்குக் கூட்டத்தில் அவர்கள் காத்திருக்காமல் இருக்க, டூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து எடுத்துவிடுகிறோம் என்று நாலைந்து பேர் வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தோம், எனக்கும் குஷி, விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை ஏழாவது ஆட்டத்தில், ஓவர்டைமில், தோற்றோம். அணியில் யாரும் திருப்பதி என்ற பேரைக் கேட்டதுகூட இல்லை. மாமாவுக்கு இரண்டில் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, என் முடியையாவது மலையில் கொடுத்துவிடலாம் என்று நான் சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவர் சக வேலைக்காரர்கள் முன்னால் தலை குனிந்து நிற்கப் போகிறார். அதை நான் எப்போது, எந்த வாயால் சொல்வது என்பதுதான் வழி நெடுக என் ரோதனை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மாமா ஸ்கூட்டரோடு நின்றார். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி, வெள்ளைச் சட்டை. தாடியைத் தடவிப் பார்த்து, "நல்லா வளத்துக்கீற" என்றார். அவ்வளவுதான். மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்பார், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று வார்த்தை தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. சாலையில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஜூஸ் ஃபேக்டரி வரைக்கும் வரிசை கட்டி நின்றன. இந்த வருஷம் விலை சரியில்லை என்று வீடு வரைக்கும் மாங்காயைப் பற்றியே பேசினார்.

அக்கா விமலா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தாள். "மலைக்குப் போறவங்க, அதான் கறி எடுக்கல. நாளான்னைக்கு வந்து துன்னு" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்து, கனடாவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வரும் என்று விசாரித்தாள். அவளும் மேட்சைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெயித்தவனிடம் யாராவது கேட்காமல் இருப்பார்களா என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஜெயித்தாயிற்று என்று முடிவே கட்டிவிட்டார்கள், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தேன்.

புதன் காலை காணிப்பாக்கம் போனோம். சித்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், ஸ்கூட்டரில் அரை மணி. மலைக்கு முன்னால் பிள்ளையாரைப் பார்த்துவிட வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. தேங்காய், அருகம்புல் தட்டு ஐம்பது ரூபாய். கிணற்றுக்குள்ளிருந்து தானாக எழுந்த பிள்ளையார், வருஷத்துக்கு வருஷம் வளர்கிறார் என்று சொல்வார்கள். அதைவிட இந்த ஜில்லா முழுக்கத் தெரிந்த சங்கதி, இங்கே செய்யும் சத்தியம். ஊரில் தீராத வழக்கை இங்கே கொண்டு வந்து, குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் சொல்லச் சொல்வார்கள். பொய் சொன்னவனைச் சும்மா விடமாட்டார் என்று நம்பிக்கை. பாதிப் பேர் குளத்துப் படியிலேயே ஒப்புக்கொண்டு விடுவார்களாம்.

அன்றைக்கும் படிக்கட்டில் அண்ணன் தம்பி இருவர் நின்றார்கள். வரப்பு தகராறு போலிருக்கிறது. தம்பிக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிலைதான் எனக்கும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது, சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

"மாமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தாடி சமாச்சாரம்..."

மாமா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்க ஒண்ணும் பேசாத. சும்மா கும்புட்டுக்கினு வா. இங்க வாய் தவறிச் சொன்னாகூட சத்தியம் ஆயிடும்."

"இல்ல மாமா, உண்மையத்தான்..."

"உண்மைய எங்க வேணா சொல்லலாம். வா, வரிசை நகருது."

பிள்ளையாரைக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள். அன்று மாமாவே கேட்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிய கோழை நான்.

மதியம் சித்தூரிலிருந்து திருப்பதி பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், நூற்றுப் பத்து ரூபாய். சந்திரகிரி தாண்டியதும் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருப்பதியில் மாமா கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து எடுத்திருக்கும் அறையில் தங்கினேன். அங்கே கிருஷ்ணப்பா என்றொருவர் இருந்தார், மாமாவின் பக்கத்து இருக்கைக்காரர், மதனப்பள்ளிப் பக்கம். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஒச்சாவா தம்முடு, வந்துட்டியா, உக்காரு, உக்காரு" என்று அவருடைய பாயை எனக்கு விரித்தார். என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று புரியவில்லை. சாம்பியன் அணியின் கை என்று பார்க்கிறார் போல என்று நினைத்து, கையை மெதுவாக இழுத்துக்கொண்டேன்.

வியாழன் விடியலில் மாமாவும் கிருஷ்ணப்பாவும் டூட்டிக்குப் போய்விட்டார்கள். நான் எட்டு மணிக்கு மேல் புறப்பட்டேன். மலையடிவாரத்து அலிபிரியில் இறங்கிப் பையை மிஷினில் விட்டு, மறுபடி ஏறி, வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்தில் திருமலை. டிக்கெட் தொண்ணூறு ரூபாய். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வந்துவிடுவோம் என்று வந்த கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. காலாற நடந்து, இலவசச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மதியம் மாமா சொன்ன நேரத்துக்குக் கூடத்துக்குப் போனேன். டோக்கனோடு பாதி பிளேடு கொடுத்தார்கள். உள்ளே ஈரத் தரை, வரிசை வரிசையாக ஆட்கள், நாலா பக்கமும் கோவிந்தா. முடியும் டெட்டாலும் கலந்த வாசனை, நைனாவின் சலூனைப் பத்து மடங்காகப் பெருக்கிய மாதிரி.

மாமாவின் வரிசை முடியும் நேரம் அது. அவர் எதிரில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால், டூட்டி முடிந்து கை கழுவியவர்கள் போகவில்லை. கிருஷ்ணப்பா, அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், பெண் ஆட்கள் இரண்டு பேர், இன்னும் சிலர். ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்று என்னையே பார்த்தார்கள். இருபது வெள்ளைக்காரர்களுக்காக நிற்கிறார்கள். வந்திருப்பது நான் ஒருத்தன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்.

யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்குச் சாக்கே இல்லை. மாமாவின் மானம் போகக் கூடாது என்று சொல்லிக்கொள்ளலாம். என் மானமும்தான். நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜெயிச்சுட்டோம்" என்றேன். "எல்லாரும் வரணும்னுதான் இருந்தாங்க. விசா கெடைக்கல. அடுத்த வருஷம் கட்டாயம் வருவாங்க. அவங்களுக்கும் சேத்து நான் குடுத்துட்டுப் போறேன்."

ஒரு பெண் தரையைப் பார்த்தாள். கிருஷ்ணப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலாகா? அப்படியா? சந்தோசம் தம்முடு, சந்தோசம்" என்றார்.

மாமாவின் கை என் உச்சந்தலையில் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். "குனி" என்றார். "கோவிந்தான்னு சொல்லு."

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலை முடிந்து தாடிக்கு வந்தபோது, சுவரோரம் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். கத்தி எப்படிப் போகிறது என்று பார்க்கிற தொழில்காரர்களின் பார்வை. கிருஷ்ணப்பா சந்தனத்தைக் குழைத்து என் தலையில் தானே அப்பினார். ஜில்லென்று இருந்தது. அழுகை வந்தது, தண்ணீர் வழிகிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தரிசனம் முடித்து வெளியே வர சாயங்காலம் ஆகிவிட்டது. மாமாவும் கிருஷ்ணப்பாவும் மற்றவர்களும் பஸ் ஸ்டாண்டில் இருந்தார்கள். எனக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் மாமா, நடுவில் நான், இந்தப் பக்கம் கிருஷ்ணப்பா. முன்னும் பின்னும் மற்றவர்கள். பஸ் இரண்டு வளைவு இறங்கியிருக்கும். கிருஷ்ணப்பா ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்கிறவர் மாதிரி, கூச்சத்தோடு என் பக்கம் சாய்ந்தார்.

"ஒக விசயம் கேக்கணும் தம்முடு. அந்தக் கேப்டனு அழுதுக்கினே இருந்தானே, தோளெல்லாம் குலுங்கிச்சு. அவனுக்கு நீ முடி வாட்டத்துக்கு எதிரா, எதிர்க் கத்தி போட்டு இழுத்தியே, ஒரு கீறல் இல்ல. எப்படிப் புடிச்ச நீ?"

இது இவருக்கு எப்படித் தெரியும்?

தோற்ற ராத்திரி அணியின் அறையில் நான்தான் எல்லோருக்கும் சவரம் செய்தேன். தோற்றால் தாடியை இறக்கிவிடுவோம், நாங்கள் இப்படித்தான் என்று சொல்லி, கேப்டன் முதல் ஆளாக என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொருத்தனாக. யாரோ வீடியோ எடுத்தார்கள், அணியின் இணையப் பக்கத்தில் மறுநாளே போட்டார்கள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிருஷ்ணப்பா போனை எடுத்துக் காட்டினார். அதில் நான் இருந்தேன், தாடியோடு, கையில் கத்தியோடு. கேப்டன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

மேட்சையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே சாயங்காலம் நடந்தால் இங்கே விடியற்காலம். மலையில் டூட்டிக்கு முன்னால் கேன்டீனில் உட்கார்ந்து, மாமாவின் போனில் ஒவ்வொரு பிளேஆஃப் ஆட்டத்தையும் பார்த்தவர்கள் இவர்கள். வெள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே தெரியும். அவர்கள் தாடி கனடாவிலேயே இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்தாயிற்று. சுவரோரம் நின்றது வேறு யாருக்காகவும் இல்லை. ஒரு டீமுக்கே கத்தி போட்ட நம்ம ஆளு வரான், பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றிருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்துக்கு நேரே ஜெயித்தோம் என்றேன், விசா என்றேன்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. பஸ் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. கிருஷ்ணப்பா பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"இடது கையால தாடைக்கு அடியில முட்டுக் குடுத்தேன்" என்றேன். "அவன் விசும்பும்போது கத்தியத் தூக்கிட்டேன். விசும்பி முடிச்சதும் இழுத்தேன்."

"அதி, அதான்" என்று தொடையில் தட்டினார் அவர். முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, தன் இடது கையை அப்படி வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு வளைவு போயிற்று. மாமா என்னைப் பார்க்கவில்லை. சந்தனம் காய்ந்து தலை இழுத்தது.

"அண்ணா, நாங்க தோத்துட்டோம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் சொன்னது பொய்யி. அவங்க யாரும் வேண்டிக்கல. வேண்டிக்கினாங்கன்னு மாமாவ நம்ப வச்சதும் நான்தான். அவர் மேல தப்பில்ல."

கிருஷ்ணப்பா போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அய்யோ" என்றார். "எட்ல ஓடிப்போயிந்தி? எப்படித் தோத்தீங்க, சொல்லு."

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். ஏழாவது ஆட்டம், இரண்டுக்கு இரண்டு, எங்கள் கோலி எத்தனை தடுத்தான், மூன்றாவது பகுதியில் கோல் கம்பியில் பட்டுத் திரும்பிய பக், எல்லாம் சொன்னேன். ஓவர்டைமில் எங்கள் ஆள் ஒருத்தன் திரும்பும்போது கால் வழுக்கி விழுந்ததைச் சொல்லும்போது, அந்த ஸ்கேட் நான் தீட்டியது என்பதையும் சொன்னேன். இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. பின் சீட்டில் இருந்த பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கேட்டாள்.

கோல் விழுந்த இடம் வந்தது. சொன்னேன். பஸ்ஸில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், அதைப் பார்த்தே இராதவர்கள் மாதிரி, ஒன்றாகச் சூள் கொட்டினார்கள். மாமா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் முழங்கால் மேல் கையை வைத்தார். அலிபிரி வந்தும் எடுக்கவில்லை.